பஞ்சு விலையும் நம் வீட்டுப் பெட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். அண்ணாமலையார் கோயில் கொண்ட வடக்குத் திருவண்ணாமலையன்று இது. ஸ்ரீநிவாசப் பெருமாள் குன்றின்மீது எழுந்தருளியிருக்கும் ஊர். தென்திருப்பதி என்று மக்கள் போற்றும் தலம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படியேறும் கூட்டத்தில் சுந்தரபாண்டியத்துக் கைத்தறி நெசவாளரும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்காரரும், கரிசல் நிலத்தில் பருத்தி போட்ட விவசாயியும் அருகருகே நடப்பார்கள். பஞ்சு விலை ஏறவேண்டும் என்று ஒருவர் வேண்டிக்கொள்வார். நூல் விலை இறங்கவேண்டும் என்று மற்றவர் வேண்டிக்கொள்வார். பெருமாள் யார் பக்கம் சாய்வார்?

இரு தரப்பாரும் ஒரே கூட்டுறவு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆகையால் விலைச் செய்தியைப் படிக்கும் முறையை இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்கு 2022-ஆம் ஆண்டைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

பஞ்சு வியாபாரத்தில் ஒரு கண்டி என்பது 356 கிலோ. 2021-ன் தொடக்கத்தில் கண்டி 50,000 ரூபாய்க்கும் குறைவாக விற்ற பஞ்சு, 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கிலோவுக்கு ஏறக்குறைய 281 ரூபாய்! இதற்கு முன்பே, பஞ்சின் மீதிருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு ஏப்ரல் 14 முதல் நீக்கியிருந்தது. ஆயினும் விலை உடனே இறங்கவில்லை. வரி நீங்கிய மறுநாளே கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிடுவதில்லை அல்லவா? அதே ஆண்டு முடிவதற்குள் விலை 70,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது.

லட்ச ரூபாய் என்ற செய்தியைப் படித்தவர்கள், பருத்தி விவசாயிகள் செல்வந்தராகிவிட்டனர் என்றே எண்ணியிருப்பார்கள். உண்மை அதுவன்று. நாட்டின் பெரும்பகுதியில் பருத்தி அறுவடை அக்டோபரில் தொடங்குகிறது. மே மாதத்தில் பெரும்பாலான விவசாயிகளின் வீட்டில் பருத்தி இல்லை. பணமுடை காரணமாக முன்பே விற்றுவிட்டார்கள். விலை உச்சத்திற்குச் சென்றபோது சரக்கு வேறு கைகளில் இருந்தது. ஆகவே ஒரு விலையைக் கேட்டவுடன், “எவ்வளவு?” என்பதோடு நில்லாமல், “எப்போது? யார் கையில் சரக்கு இருக்கும்போது?” என்றும் கேட்கவேண்டும். இது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் தறிக்காரருக்கு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 100 கிலோ நூல் ஓட்டும் ஒரு குடும்பம் கிலோ 250 ரூபாய்க்கு வாங்கி வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 25,000 ரூபாய். நூல் 400 ரூபாயானால், அதே அளவு துணிக்கு 40,000 ரூபாய் வேண்டும். தறி கூடவில்லை, கூலி கூடவில்லை. முதல் மட்டும் 15,000 கூடிவிட்டது. இன்னும் ஏறுமோ என்ற அச்சத்தில் அக்குடும்பம் நகையை அடகு வைத்து, மூன்று மாத நூலை 1,20,000 ரூபாய்க்கு வாங்கி வைக்கிறது. விலை 320 ரூபாய்க்கு இறங்குமானால் இருப்பில் மட்டும் 24,000 ரூபாய் நஷ்டம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால், நான்கு மாதத்தில் வட்டி 4,800. ஆக 28,800 ரூபாய் போய்விடும். சங்கிலியும் பெட்டிக்குத் திரும்பியிராது.

சொந்தப் பணத்தில் அளவோடு இருப்பு வைப்பது முன்யோசனை. கடன் பணத்தில் உச்ச விலைக்கு இருப்பு வைப்பது சூதாட்டம். 2025-ல் தங்கத்தின் விலை வெகுவாக ஏறியபோது, அதே சங்கிலிக்கு முன்னைவிட அதிகக் கடன் கிடைத்தது. கிடைத்தது கடனேயன்றி வருமானமன்று என்பதை மறந்துவிடலாகாது.

மூன்றாவது பாடம் 2025 ஆகஸ்டில் வந்தது. அம்மாதம் 19-ஆம் தேதி முதல் பஞ்சு இறக்குமதி வரி மீண்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் அச்சலுகை டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆகஸ்ட் 27 முதல் துணி உள்ளிட்ட பல இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. ஆலைகளும் தறிகளும் மலிவுப் பஞ்சை வரவேற்றன. விவசாயிகளோ தங்கள் விலை சரியுமென்று கலங்கினர். அந்தப் பருவத்துக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். ஆனால் அறிவித்த விலை தானே வீடு தேடி வராது. பருத்தியின் ஈரம் 8 சதவீதத்துக்குள் இருந்தால்தான் இந்தியப் பருத்திக் கழகம் முழு விலை தரும். 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காது. அந்தப் பருவத்தில் கைப்பேசிச் செயலியில் முன்பதிவும் அவசியமாயிற்று. ஈரத்தோடு எடுத்து வருபவர் வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுக்கவேண்டியிருக்கும். இரண்டு நாள் வெயிலில் உலர்த்துவதும், நில ஆவணத்தை ஒழுங்காக வைத்திருப்பதும் பணமே.

விலையை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை மூன்று: கணக்கு, கையிருப்பு, சங்கம். நூலுக்கான பணத்தையும் வீட்டுச் செலவுக்கான பணத்தையும் ஒரே பையில் போடாமல் தனித்தனியே எழுதிவையுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சியதிலிருந்து, ஒரு மாத நூலுக்கோ ஒரு பருவ விதைக்கோ ஆகும் தொகை சேரும்வரை சிறுகச் சிறுகப் போட்டுவாருங்கள். அத்தொகை கையில் இருந்தால், அறுவடை அன்றே விற்கவேண்டிய நெருக்கடி விவசாயிக்கு இல்லை. விலை ஏறிய அன்றே அடகுக்கடைக்கு ஓடவேண்டிய அவசரம் நெசவாளருக்கும் இல்லை.

தனியாக நூல் வாங்குகிறவருக்குப் பேரம் பேசும் வலு இல்லை. நூறு பேருக்காக வாங்கும் சங்கத்துக்கு உண்டு. சங்கத்தின் வழியாகவே வாங்குங்கள், சங்கத்திலேயே சேமியுங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். அடுத்த புரட்டாசியில் குன்றேறும்போது விலைக்காக வேண்டிக்கொள்வது அவரவர் விருப்பம். எந்த விலைக்கும் தாங்கும் கையிருப்போடு ஏறினால், இறங்கும்போது மனம் லேசாக இருக்கும்.