உலோகத்தின் உள்ளே ஓடும் கோடுகள்

பொற்கொல்லர் தங்கக் கம்பியை இழுத்தும் தட்டியும் வேலை செய்யும்போது, இடையிடையே அதனை நெருப்பிற் காய்ச்சிக் கொள்வது வழக்கம். தட்டத் தட்ட உலோகம் விறைத்துப் போகும். காய்ச்சியதும் மீண்டும் இளகி இசைந்து கொடுக்கும். காய்ச்சாது மேலும் தட்டினால் வெடித்து விடும். இவ்வுண்மையை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். ஆயினும் வளையும் உலோகத்தின் உள்ளே நிகழ்வது யாது என்ற வினாவுக்குக் கண்ணாற் கண்ட விடை 1956 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது.

உலோகம் என்பது பளிங்குகளின் தொகுதியாகும். ஒவ்வொரு பளிங்கிலும் அணுக்கள் வரிசை வரிசையாகவும் அடுக்கடுக்காகவும் ஒழுங்குற அமைந்துள்ளன. உலோகத்தை வளைக்கும்போது இவ்வடுக்குகள், சீட்டுக்கட்டிலுள்ள சீட்டுக்களைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்குகின்றன. 1899 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஈவிங், ரோசன்ஹேன் என்னும் இருவர், வளைத்த உலோகத்தின் மேற்பரப்பிலே இவ்வழுக்கலின் அடையாளங்களைச் சாதாரண நுணுக்குக்காட்டி மூலம் கண்டு விளக்கினர்.

ஆனால் இவ்விளக்கம் ஒரு புதிய சிக்கலை உண்டாக்கிற்று. ஓர் அணு அடுக்கு முழுவதையும் மற்றோர் அடுக்கின்மேல் ஒரே வேளையில் நகர்த்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை 1926 ஆம் ஆண்டில் சோவியத்து அறிஞர் யாக்கோவ் பிரெங்கெல் கணக்கிட்டார். கணக்கிற் கண்ட விசையோ மிகப் பெரிது. தூய உலோகப் பளிங்குகள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கும், சில வேளைகளில் அதற்கும் குறைந்த விசைக்கும், இணங்கி வழுக்கின. கணக்கின்படி பார்த்தால், கையால் எளிதில் வளைக்கும் செம்புக் கம்பியை வளைக்கவே முடியாது!

இப்புதிருக்கு 1934 ஆம் ஆண்டில் மூவர் தனித்தனியே ஒரே விடையைக் கூறினர். கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஜெஃப்ரி ரெயிலர், ஹங்கேரி நாட்டவரான ஈகொன் ஓரோவான், அந்நாட்டிற் பிறந்த மைக்கல் பொலானி ஆகியோரே அம்மூவர். அணுவடுக்கு முழுவதும் ஒருங்கே நகர்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. களத்தில் விரித்துக் கிடக்கும் பெரிய படங்கு ஒன்றை ஒரு முழம் நகர்த்த வேண்டும் எனக் கொள்வோம். அதன் ஓரத்தைப் பிடித்து முழுவதையும் இழுப்பது ஒருவரால் இயலாது. ஆனால் ஒரு முனையில் சிறு மடிப்பொன்றை எழுப்பி, அம்மடிப்பைக் காலாற் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குக் கொண்டு சென்றால், படங்கு முழுவதும் எளிதில் நகர்ந்து விடும். உலோகப் பளிங்கினுள்ளும் இத்தகைய மடிப்புக்கள் உண்டு. அணுவரிசையின் ஒழுங்கு தவறிய இந்தக் கோடுகளை இடப்பிறழ்ச்சிகள் என்பர். கோடு நகர நகர, அடுக்குச் சிறிது சிறிதாக வழுக்கும். எனவே சிறு விசையே போதுமாகின்றது.

கொள்கை அழகியதாயினும், அதனை நேரிற் கண்டார் எவருமிலர். ஒளியலை ஒன்றின் நீளத்துள் ஆயிரத்துக்கு மேற்பட்ட உலோக அணுக்கள் வரிசையாக அடங்கும். ஆகவே ஒளியைக் கொண்டு இயங்கும் நுணுக்குக்காட்டிக்கு இக்கோடுகள் எட்டா. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் இக்கோடுகளைக் கணக்கிலே கையாண்டனர்; உலோகத் தொழிலறிஞர் பலர் இவை வெறுங் கற்பனையோ என்றும் ஐயுற்றனர்.

ஐயம் தீர வழி செய்தது இலத்திரன் நுணுக்குக்காட்டி. ஒளிக்குப் பதிலாக இலத்திரன் கற்றையையும், கண்ணாடி வில்லைகளுக்குப் பதிலாகக் காந்த வில்லைகளையும் பயன்படுத்தும் இக்கருவியை 1931 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே ஏர்னஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதன்முதல் அமைத்தனர். ஆயினும் உலோகத்தை இதன்மூலம் ஆராய்வதில் ஒரு தடை இருந்தது. இலத்திரன்கள் தடித்த பொருளை ஊடுருவா. உலோகத்தை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதாக மெலிதாக்க வேண்டும். அவ்வாறு மெலிதாக்கும்போது அதன் உள்ளமைப்புக் குலையவுங் கூடாது.

கேம்பிறிட்ஜிலுள்ள கவென்டிஷ் ஆய்வுகூடத்திலே பீற்றர் ஹேர்ஷ், றொபேட் ஹோர்ன், மைக்கல் வீலன் என்போர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். அவர்கள் அலுமினியத்தை மெல்லிய தகடாக அடித்து, காய்ச்சி, அமிலத்தால் அரித்து, இலத்திரன்கள் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கினர். 1956 ஆம் ஆண்டில் அத்தகட்டினுள்ளே நுண்ணிய கருங்கோடுகள் தென்பட்டன. கற்றையின் செறிவை மிகுத்தபோது அக்கோடுகள் அசைந்தன. கொள்கை கூறிய அதே அடுக்குகளின் வழியே ஓடின. 22 ஆண்டுகள் கணக்கில் மட்டும் வாழ்ந்த பொருள் கண்முன்னே நடமாடிற்று. அவ்வாண்டிலேயே ஜெனீவாவில் வால்டர் பொல்மன் என்பவரும் துருவேறா உருக்கில் இக்கோடுகளைத் தனியே கண்டார்.

அக்காலக் கருவி அணுக்களைத் தனித்தனியே காட்டவில்லை என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. இடப்பிறழ்ச்சியைச் சூழ்ந்த அணுத்தளங்கள் சற்று வளைந்திருக்கும். அவ்விடத்திற் படும் இலத்திரன்கள் வேறு திசைக்குத் திருப்பப்படுவதால், படத்தில் அவ்விடம் இருண்டு கோடாகத் தோன்றுகின்றது.

இக்கண்டுபிடிப்பின் பின் பொற்கொல்லரின் அனுபவத்துக்கும் பொருள் விளங்கிற்று. உலோகத்தைத் தட்டுந்தோறும் இடப்பிறழ்ச்சிகள் பெருகுகின்றன. வெவ்வேறு தளங்களில் ஓடும் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, சிக்குண்ட நூற்பந்து போலாகி, ஒன்றின் ஓட்டத்தை மற்றொன்று தடுக்கின்றன. கடுமையாகத் தட்டிய உலோகத்தின் ஒரு கன சதமமீற்றரில் உள்ள கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால், அவை 10 இலட்சம் கிலோமீற்றர் நீளம் வரலாம். அது சந்திரனுக்குச் சென்று மீளும் தூரத்தினும் பெரிது. காய்ச்சும்போது அணுக்கள் இடம் மாறி ஒழுங்குபட, கோடுகளிற் பெரும்பாலானவை அழிகின்றன, உலோகம் இளகுகின்றது.

கலப்புலோகங்களின் வலிமையும் இவ்வாறே விளங்கும். 1906 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான அல்பிரெட் வில்ம், அலுமினியத்துடன் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் சேர்ந்த கலவையைச் சூடாக்கிச் சடுதியாகக் குளிர்வித்தபின், அது சில நாட்களில் தானாகவே கடினமாவதைக் கண்டார். அவ்வுலோகத்தினுள் செம்பு அணுக்கள் நுண்ணிய கூட்டங்களாகத் திரண்டு, ஓடும் கோடுகளுக்கு முட்டுக்கட்டையாகின்றன. கூட்டங்கள் மிகப் பெருத்து, இடைவெளி அகன்றுவிட்டாலோ, கோடுகள் அவற்றினிடையே வளைந்து நழுவிச் செல்லும், வலிமை குறையும். எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தல் தகும் என்பதன் காரணத்தை இன்று படங்களே காட்டுகின்றன.

இவ்வறிவு மனித உயிரோடும் தொடர்புடையது. 1954 ஆம் ஆண்டில் கொமெற் வகை ஜெற் பயணி விமானங்கள் இரண்டு இத்தாலியை அடுத்த கடலில் வீழ்ந்தன. அவற்றுள் முதலாவதன் சிதைவுகளை மீட்டு ஆராய்ந்தோர், உலோகக் களைப்பே காரணம் எனக் கண்டனர். ஒருமுறை தாங்கும் சுமையையே பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கினால் உலோகம் வெடிப்பதைக் களைப்பு என்பர். இடப்பிறழ்ச்சிகள் முன்னும் பின்னும் ஓடிச் சில ஒடுங்கிய பட்டைகளிற் குவிவதையும், அவை மேற்பரப்பை எட்டுமிடத்தில் வெடிப்புத் தொடங்குவதையும் பிற்கால ஆய்வுகள் வெளிப்படுத்தின.

மெல்லிய தகட்டில் நிகழ்வது தடித்த உலோகத்திலும் அவ்வாறே நிகழும் என்று உடனே கொள்ளலாகாது. மேற்பரப்பு அண்மையிலிருப்பதால் கோடுகள் எளிதில் வெளியேறிவிடக்கூடும். ஆதலால் தடித்த துண்டுகளையும் ஊடுருவும் பொருட்டு, 10 இலட்சம் உவோற்று அழுத்தத்தில் இயங்கும் கருவிகள் 1960 ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்டன. இக்காலத்திலோ உலோகத் துண்டைக் கருவியினுள்ளேயே இழுத்தும் சூடாக்கியும் கோடுகளின் ஓட்டத்தைப் பார்க்கின்றனர்; அணுவரிசைகளையும் நேரிற் காண்கின்றனர்.

குறைபாடு ஏதுமின்றி அமைந்த உலோகம் மிக வலியதாயிருக்கும். ஆனால் அதனைத் தட்டித் தகடாக்கவோ இழுத்துக் கம்பியாக்கவோ இயலாது. ஒழுங்கு தவறிய இக்கோடுகள் இருப்பதாலேயே உலோகம் கைவினைக்கு இணங்குகின்றது. அவற்றை எங்கே ஓடவிடுவது, எங்கே மறிப்பது என்று தேர்வதே இன்றைய உலோகவியலாரின் பணி.