நிக்காஹ் ஒளிநாடா: செலவின்றிக் காக்கும் வழி

1990களில் எடுத்த நிக்காஹ் வீடியோ கேசட் உங்கள் அலமாரியில் உறங்குகின்றதா? மர்ஹூமாகிவிட்ட பெரியோரின் குரல் அதில் இருக்கலாம். காந்த நாடாவோ ஆண்டுக்காண்டு நலிந்து வருகின்றது. அதைக் கணினியில் பதிவு செய்த பின், விலையுயர்ந்த மென்பொருள் வாங்குவது வீண்விரயமே. வெட்டித் தொகுக்க ஷாட்கட், சுருக்கிச் சேமிக்க ஹேண்ட்பிரேக், இரண்டும் இலவசம்.

ஹேண்ட்பிரேக்கில் எச்.264 முறையைத் தேர்ந்து, தர எண்ணை 18 முதல் 22க்குள் வையுங்கள். எண் குறையத் தரம் உயரும், கோப்பும் பெருக்கும். அசைவுகளில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தோன்றினால் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியை இயக்குங்கள். 576 வரிகளே கொண்ட படத்தை 1080 ஆகப் பெரிதாக்குவதால் தெளிவு கூடிவிடாது.

சுருக்கத்தில் இழந்தது திரும்பாது. எனவே முதற்பதிவை அழித்துவிடாதீர்கள். இரு வன்தட்டுகளில் பிரதி வைத்துப் பேணுங்கள். அடுத்த தலைமுறைக்குரிய அமானிதம் அது.