இரவுக்கு வேண்டிய மின்சாரம்

கும்மிடிப்பூண்டியின் இரும்பு உலைகளுக்கு இரவும் பகலும் தடையில்லா மின்சாரம் வேண்டும். அதற்கு நிலக்கரியையே நம்பியிருத்தலின் விலை யாது? நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிய, மீனவக் குடும்பங்களின் பிழைப்பு நலிந்தது.

கதிரவன் ஒளியால் இக்குறை தீராதா? கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் 2024இல் சூரியத் தகடு ஆலை திறக்கப்பட்டு, வேலைவாய்ப்பும் பெருகிற்று. ஆயினும் கதிரவன் மாலையில் மறைவான், உலையோ அணையலாகாது.

இங்கேதான் காடம்பாறை வழிகாட்டுகிறது. மிகுதி மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவையான வேளையில் இறக்கி, 400 மெகாவாட் வரை ஆக்கவல்ல நிலையம் அது. இத்தகைய சேமிப்பு பெருகினால் தொழிலாளர் வேலையும் நிலைக்கும், கழிமுகமும் பிழைக்கும். இதனை நாம் வலியுறுத்துவோமாக.