கருவியும் கைத்தொழிலும் – 14: நெகட்டிவ் யாரிடம் இருந்தது?

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் பேரருவி முன்னே கேமரா இல்லாத கை கிடையாது. தண்ணீரைத் தாங்கும் செல்போன்கள் வந்தபின் அருவிக்குள் நின்றபடியே படம் எடுக்கிறார்கள். இந்தக் காட்சியைக் காட்டித்தான் ‘போட்டோகிராபர் பிழைப்பைச் செல்போன் தின்றுவிட்டது’ என்கிறோம். சுற்றுலாத் தலத்தில் படம் எடுத்துக் கொடுத்துவந்தவர்களுக்கு அது பொருந்தும். தென்காசி போன்ற ஊர்களின் கடைத்தெரு ஸ்டுடியோவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்தக் கடை விற்றுவந்த சரக்கு என்ன என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோலானாலும் வெளிநாட்டு ரோலானாலும் இதுதான் நிலைமை. எடுத்ததைக் கழுவ இருட்டறை வேண்டும், ரசாயனம் வேண்டும், முகத்துத் தழும்பை நெகட்டிவிலேயே பென்சிலால் தொட்டு மறைக்கும் கை வேண்டும். இத்தனைக்கும் பிறகு நெகட்டிவ் பெரும்பாலும் கடையில்தான் தங்கும். இன்னொரு பிரதி வேண்டுமென்றால் வாடிக்கையாளர் திரும்பி வந்தாக வேண்டும். ஆக, கலையை விடவும் அருமைப்பாடுதான் அங்கே விலைபோனது. டிஜிட்டல் வந்ததும் ரோலும் இருட்டறையும் போயின. படமே பென்டிரைவில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனபோது மறுபிரதி வருமானமும் போனது. அன்றாட அரிசியாக இருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் பெரும்பங்கைப் பறித்ததோ அரசு அலுவலகம். 1993-இல் வாக்காளருக்குப் புகைப்பட அட்டை என்று அறிவித்து, முகத்தை ஆவணமாக்கும் வேலையைப் பெருக்கியதும் அரசுதான். 2010-இல் தொடங்கிய ஆதாரில் கேமராவைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டதும் அதுவேதான். பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஓட்டுநர் உரிமத்துக்கும் இன்று அங்கேயே உட்காரவைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள்.

கல்யாண வேலை பெருகியிருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்கள் பூத்தால், தமிழ்நாடும் கேரளமுமாக ஆட்கள் படம் எடுக்க வந்து குவிகிறார்கள். அவுட்டோர் ஷூட், கேண்டிட், ட்ரோன் என்று நம் தாத்தா கல்யாணத்தில் இல்லாத இனங்கள் பில்லில் ஏறியிருக்கின்றன. ‘திறமை உள்ளவன் பிழைத்துக்கொள்வான்’ என்ற வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. கருவி மலியும்போது தொழிலுக்குள் நுழையும் வாசலும் அகலமாகிறது. அப்போது கூலியைத் தீர்மானிப்பவர் ஊரின் சிறந்த போட்டோகிராபர் அல்லர், நேற்றுத் தவணையில் கேமரா வாங்கி, பழக்கம் பிடிப்பதற்காகப் பாதி விலைக்கு ஒத்துக்கொள்பவர். போதாததற்கு, 36 படம் எடுத்த முகூர்த்தத்தில் இப்போது சில ஆயிரம் எடுக்கிறார்கள். அவற்றிலிருந்து ஆல்பத்துக்கு நூற்றைம்பதைப் பொறுக்கி, நிறம் திருத்தி, பக்கம் அமைப்பது பல நாள் வேலை. வேலை கூடியிருக்கிறது, ‘பிலிம் செலவுதான் இல்லையே’ என்று பேரம் பேசுகிறவர் கண்ணில் அது படுவதில்லை.

இதைச் சொல்வதால் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று பொருளில்லை. பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை ஒரு படம்கூட இல்லாமல் வளர்ந்த தலைமுறைகள் நம் கிராமங்களில் உண்டு. அந்த வறுமை தீர்ந்தது பெரிய காரியம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துச் சென்ற நாளில், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை உலகுக்குக் காட்டியவை அங்கே நின்ற பயணிகளின் செல்போன்கள். எந்தப் பத்திரிகைப் போட்டோகிராபரும் அந்த நிமிடத்தில் அங்கே இருந்திருக்க முடியாது. ஊருக்குக் கிடைத்த லாபம் அது. தொழிலாளியின் நஷ்டத்தை அதிலே கழித்துக் கணக்கை முடித்துவிடுவதுதான் தவறு; இரண்டும் வேறு வேறு பைகளில் விழுந்தவை.

மிஞ்சிய வேலைகளில் ஒன்றைப் பாருங்கள். வீட்டில் பெரியவர் இறந்ததும், மாலை போட ஒரு படத்துக்காகச் செல்போனோடு ஸ்டுடியோவுக்கு ஓடி வருகிறார்கள். போனில் அவர் இருக்கும் படங்கள் நூறு. தனியாக, நேராகப் பார்த்தபடி ஒன்றும் இல்லை. ஏதோ காதுகுத்து விருந்தில் கூட்டத்தோடு நிற்கும் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, தோளில் கிடக்கும் பேரன் கையை அழித்து, பனியனுக்கு மேல் வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் கொடுத்தாக வேண்டும்.