சின்னக் குறைதானே... திருப்பி அனுப்பலாமா, வேண்டாமா?

"புதிதாக வாங்கிய பொருளில் சின்னக் குறை இருந்தால் என்ன செய்வீர்கள்?" காலை வானொலி நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன். அழைத்தவர்களில் பெரும்பாலோரின் பதில் ஒன்றுதான்: "போனா போகுதுன்னு விட்ருவோம். யாரு அலையறது?"

சுங்கை சிப்புட்டிலிருந்து அழைத்த ஒரு தம்பி மட்டும் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். ஓவர்டைம் காசைச் சேர்த்து 680 ரிங்கிட்டுக்கு பைனாகுலர் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கோல குலாவுக்குப் பறவை பார்க்க அழைத்துப் போகிறார். "அக்கா, ரெண்டு கண்ணாலயும் பார்த்தா பத்து நிமிஷத்துல தலை வலிக்குது. ஒரு கண்ண மூடிக்கிட்டா நல்லா தெரியுது. எங்கம்மா, சின்னக் குறைதானே, புழங்கிக்கங்கறாங்க. திருப்பி அனுப்புனா மாசக் கணக்கா இழுத்தடிப்பாங்களோன்னு பயமா இருக்கு."

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அரிசியில் கல் இருந்தாலும் பொறுக்கிவிட்டுச் சமைத்தார்களே தவிர, மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் நியாயம் கேட்க முடியவில்லை. அடுத்த மாதப் பற்றும் அவர் கையில்தான் இருந்தது. தோட்டத்தை விட்டு ஈப்போ டவுனுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆனாலும், பொறுத்துப் போகும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

கண்ணாடி வைத்த கருவிகளில் இந்தப் பொறுமை நமக்கு உதவாது. பைனாகுலர், கேமரா லென்ஸ், துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஒரு மயிரிழை விலகினாலும் பார்வையே மாறிப்போகும்.

விண்வெளியில் ஒரு பழுது

குறையுள்ள கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவருவதா வேண்டாமா என்று உலகமே யோசித்த சம்பவம் ஒன்று உண்டு. 1990 ஏப்ரல் 24-ஆம் தேதி ஹப்பிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. அதன் முதன்மைக் கண்ணாடியின் அகலம் 2.4 மீட்டர். ஆனால் வந்த படங்கள் மங்கலாக இருந்தன. கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் அது!

கண்ணாடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டதே காரணம். வேறு இரண்டு சோதனைகள் 'ஏதோ தவறு' என்று முன்பே காட்டியிருந்தன. துல்லியம் குறைந்த சோதனைகள் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள்.

தொலைநோக்கியைப் பூமிக்குக் கொண்டுவந்து சரிசெய்யும் யோசனையும் எழுந்தது. செலவையும் ஆபத்தையும் கருதி அதைக் கைவிட்டார்கள். குறை எவ்வளவு என்று துல்லியமாக அளந்துவிட்டதால், அதே அளவுக்கு எதிர்த் திருத்தம் செய்யும் சிறு கண்ணாடிகளைத் தயாரிக்க முடிந்தது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் சென்றவர்கள், ஐந்து முறை விண்வெளியில் நடந்து அவற்றைப் பொருத்தினார்கள். படங்கள் தெளிந்தன.

ஹப்பிளிடம் நாம் கற்க வேண்டியது இதுதான்: முதலில் குறையை அளக்க வேண்டும். அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

வீட்டிலேயே சோதிக்கலாம்

பைனாகுலரில் தொலைவிலுள்ள ஒரு கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். பார்த்துக்கொண்டே கருவியை மெல்லக் கண்ணிலிருந்து சற்று விலக்குங்கள். ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், இரு குழாய்களும் ஒரே நேராக இல்லை என்று பொருள். தலைவலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இது தானாகச் சரியாகாது. வீட்டில் திருகாணியைத் திருகவும் வேண்டாம், கேரண்டி போய்விடும்.

குளிர்சாதன அறையிலிருந்து நம் ஈப்போ வெயிலுக்கு வந்தால் கண்ணாடியின் வெளிப்புறம் பனி படர்வது இயல்பு. துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாமல் உள்ளே பனி நின்றால், காற்றுப் புகாத அடைப்பு விட்டுப்போயிருக்கிறது.

டார்ச் விளக்கை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரப்பதத்தில் அது வளர்ந்துகொண்டே போய், கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். ஓரிரு தூசித் துகள்கள் மட்டும் என்றால் கவலை வேண்டாம்; அவை படத்தைக் கெடுப்பதில்லை.

உரிமம் பெற்றுத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். குண்டு இடம் மாறி விழுந்தால் உடனே ஸ்கோப்பைக் குறை சொல்லக் கூடாது. பொருத்திய திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா, வேறொரு நல்ல ஸ்கோப்பை மாட்டினால் சரியாகிறதா என்று பார்த்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். ஸ்கோப்பை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் உரிமம் கொடுத்தவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று கேள்விகள்

ஒன்று, எதற்காக வாங்கினேனோ அந்த வேலையை இந்தக் குறை கெடுக்கிறதா? வெளிப்பூச்சில் ஒரு கீறல் என்றால் விட்டுவிடலாம். இரட்டையாகத் தெரிந்தால் விடக்கூடாது.

இரண்டு, குறை வளருமா? தூசி வளராது. பூஞ்சணமும் ஈரமும் வளரும்.

மூன்று, தேவைப்படும் நாள் எப்போது? மலேசியாவிலுள்ள 10 வகை இருவாச்சிப் பறவைகளையும் நம் பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் காணலாம். விடுமுறை எடுத்து, படகேறி அவ்வளவு தூரம் போய்விட்டு, மங்கலாகப் பார்த்துத் திரும்பவா? 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கைத்துப்பாக்கி போட்டியின் நடுவில் பழுதானது. பழுது பார்ப்பதில் நிமிடங்கள் பறிபோக, 575 புள்ளிகளோடு 12-ஆம் இடத்தில் முடித்தார். இரண்டு புள்ளிகளில் இறுதிச் சுற்று கைநழுவியது. அவருக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை. நமக்குத் தெரிந்திருக்கிறதே!

எப்படி அனுப்புவது?

கடை ரசீதின் எழுத்து நம் வெப்பத்தில் சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். குறையை வீடியோ எடுங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், "50 மீட்டர் தூரத்து மின்கம்பி இரண்டாகத் தெரிகிறது" என்று எழுதுங்கள். வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பார்களா, மாற்றித் தருவார்களா, எத்தனை நாள் ஆகும், அனுப்பும் செலவு யாருடையது என்ற நான்கையும் அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் நம் பக்கம்

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் எழுதி மாட்டினாலும் அந்த உரிமை போய்விடாது. குறையை நியாயமான காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால், வேறிடத்தில் பழுது பார்த்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் நாமே காலம் கடத்தினால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நழுவிவிடும். மாதக்கணக்கில் புழங்கிவிட்டு, பிறகு குறை சொன்னால் எடுபடாது.

கடைக்காரர் மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் தேவையில்லை. இணையத்திலேயே பதியலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால்தான் சிரமம். அவரை இங்கே வரவழைப்பது எளிதல்ல. அதனால் விலை உயர்ந்த கண்ணாடிப் பொருளை உள்ளூரில், ரசீதோடு வாங்குவதே நல்லது.

சுங்கை சிப்புட் தம்பிக்கு நான் சொன்னது: "இன்னிக்கே மின்கம்பி சோதனை செஞ்சு பாருங்க. ரெண்டா தெரிஞ்சா இன்னிக்கே கடைக்கு எழுதுங்க. பிள்ளைங்களோட போற நாளுக்கு யார்கிட்டயாவது பைனாகுலர் இரவல் கேட்டு வையுங்க."

திருப்பி அனுப்புவது சண்டை போடுவது ஆகாது. காசு கொடுத்து வாங்கிய பொருள் சரியாக வேலை செய்ய வேண்டும் என்று கேட்பதுதான். அதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். வாங்கிய பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்க்கப் பழக்குவோம்.