சின்ன கீபோர்டு, வயர் இல்லாமல்: வேலைக்கும் கேமுக்கும் ஒன்றே போதுமா?

பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி கேம், ரெண்டுக்கும் ஒரே கீபோர்டு. சின்னதா இருக்கணும், வயர் கூடாது, மெக்கானிக்கலா வேணும். இப்படிக் கேட்பவர்கள் இப்போது நிறைய. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே எளிதாகக் கிடைக்கும். ஒரே பொருளில் சேர்த்துக் கேட்கும்போதுதான் ஒன்று இன்னொன்றின் காலை வாருகிறது. ஐயாயிரம், எட்டாயிரம் ரூபாய் போடுகிற சமாச்சாரம். அதுவும் தினமும் எட்டு பத்து மணி நேரம் விரல் படப்போகிற பொருள். கொஞ்ச நாளாகத் தேடிப் படித்ததில் உருப்படியாகத் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அளவிலிருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதில்தான் குழப்பம் அதிகம். 60 சதவீதம், 65, 75 என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். இவை துல்லியமான கணக்கு இல்லை, பட்டப்பெயர் மாதிரிதான். உண்மையில் தெரிய வேண்டிய எண் ஒன்றே ஒன்று: ஒரு கீயின் நடுவிலிருந்து பக்கத்து கீயின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இதை வைத்து எல்லாவற்றையும் நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

104 கீ உள்ள முழு கீபோர்டு 22.5 கீ அகலம். 60 சதவீதம் 15 கீ அகலம். வித்தியாசம் 7.5 கீ, பதினாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இது சின்ன விஷயமில்லை. துப்பாக்கிச் சண்டை கேம்களில் மவுஸின் வேகத்தைக் குறைத்து வைத்து, மணிக்கட்டுக்குப் பதிலாக முழுக் கையையும் நகர்த்திக் குறி பார்க்கிறவர்களுக்கு அந்தப் பதினாலு சென்டிமீட்டர்தான் எல்லாமே. கேம் ஆடாதவருக்கும் பலன் உண்டு: வலது பக்கம் நம்பர் பேட் இல்லாவிட்டால் மவுஸ் உடம்புக்குப் பக்கத்தில் வரும், தோள்பட்டையை அகட்டி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. 65 சதவீதம் பொதுவாக 16 கீ அகலம். 60-ஐ விட ஒரே ஒரு கீ, சுமார் 2 சென்டிமீட்டர்தான் கூட. அந்த 2 சென்டிமீட்டருக்கு நாலு அம்புக்குறி கீகளும் டெலீட்டும் தனியாகக் கிடைக்கின்றன. 75 சதவீதமும் பெரும்பாலும் அதே 16 கீ அகலம்தான்; மேலே எஃப்1 முதல் எஃப்12 வரைக்கும் ஒரு வரிசை கூடுகிறது. அது மேல்நோக்கிப் போகிற இடம், மவுஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஆக, மவுஸுக்கு இடம் வேணும்னு மட்டும் யோசிப்பவர் 65-ல் நிறுத்திக்கொள்ளக் காரணமே இல்லை. 60 சதவீதத்தின் பெயரும் புகழும் எனக்குக் கொஞ்சம் புரியாத விஷயம்தான். அந்த அளவைப் பிரபலப்படுத்திய ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு 1996-ல் ஜப்பானில் பிஎஃப்யூ நிறுவனம் வெளியிட்டது. வடிவமைப்பின் பின்னால் இருந்தவர் எயிச்சி வாடா என்ற கணினிப் பேராசிரியர். யூனிக்ஸில் நிரல் எழுதுகிறவருக்காக யோசித்தது அது. கேம் ஆடுகிறவர்கள் பின்னால் வந்து அந்த அளவைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

வேலை என்று வரும்போது "என்ன வேலை?" என்று கேட்காமல் அளவைச் சொல்லவே முடியாது. டாலியில் உட்காருகிற கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். நாள் முழுக்க இதே கைவேலை, நடுநடுவே எண்கள். இவருக்கு 60 சதவீத கீபோர்டைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு முறிந்துவிடும். எண்களை அவ்வளவு அடிக்கிறவர் சின்ன கீபோர்டு வாங்கினால் தனியாக ஒரு வயர்லெஸ் நம்பர் பேடும் வாங்கி இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம். வலது கை மவுஸிலேயே இருக்கும். எக்செல்லில் எஃப்2, எஃப்4 இல்லாமல் பொழுது போகாது. நிரல் எழுதுகிறவர் பிழை தேடும்போது எஃப்10, எஃப்11 என்று தட்டிக்கொண்டே இருப்பார். 60 சதவீதத்தில் இதெல்லாம் எஃப்என் கீயோடு சேர்த்து இரட்டை அழுத்தம். இன்னொரு சின்ன எரிச்சல்: இடது மேல் மூலையில் எஸ்கேப் வந்து உட்கார்ந்துவிடுவதால், அங்கே இருக்க வேண்டிய டில்டே கீ எஃப்என்னுக்குள் போய்விடும். பல கேம்களில் கன்சோலைத் திறப்பது அந்தக் கீதான்.

தமிழ்99-ல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, இதை எந்த ரிவ்யூவிலும் சொல்ல மாட்டார்கள். நம் எழுத்துகள் ஆங்கிலத்தின் 26 கீக்குள் அடங்குவதில்லை. செமிகோலன் இருக்கும் கீயில்தான் ந, அதற்குப் பக்கத்தில் ய, சதுர அடைப்புக்குறி கீகளில் ச, ஞ, வலது ஷிஃப்டுக்கு முன்னால் உள்ள சாய்கோட்டில் ழ. 60 சதவீதம் வரைக்கும் இந்த ஐந்தும் பத்திரமாக அதனதன் இடத்தில் இருக்கும். அதற்கும் கீழே 40 சதவீதம் என்று அழகழகாக விற்கிறார்களே, அதில் அடைப்புக்குறி கீகள் எஃப்என்னுக்குள் போய்விடும். அப்புறம் "சச்சரவு" என்று ஒரு வார்த்தை எழுத மூணு தடவை எஃப்என் பிடிக்கணும். படத்தைப் பார்த்து ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்படியே இன்னொன்று: கேமின் நடுவே தவறி விண்டோஸ் கீயைத் தொட்டுவிடக் கூடாதென்று அதைப் பூட்டும் வசதி பல கேமிங் கீபோர்டுகளில் இருக்கும். பூட்டினால் விண்டோஸ்-ஸ்பேஸ் அழுத்தி மொழி மாற்றுவதும் நின்றுபோகும். காலையில் தமிழ் வரலைன்னா கம்ப்யூட்டரைத் திட்டாதீங்க.

ஸ்விட்ச் பற்றி இணையத்தில் புராணமே எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மூன்று குடும்பம்: வழுவழுவென்று நேராக இறங்குவது, நடுவில் ஒரு முட்டு தட்டுவது, முட்டோடு சேர்ந்து 'க்ளிக்' சத்தமும் போடுவது. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து எம்எக்ஸ் வரிசையில் இவைதான் முறையே சிவப்பு, பழுப்பு, நீலம். மற்றவர்களும் ஏறக்குறைய அதே நிறப் பழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். சிவப்புக்கு சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்து விழும், மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். 'ஸ்பீடு' என்று விற்கும் வகைகளில் 1.2 மில்லிமீட்டரிலேயே விழுந்துவிடும். கேமில் நன்றாக இருக்கும். விரலை கீ மேல் சாய்த்து வைத்து யோசிக்கிற பழக்கம் உள்ளவருக்கு நடுவில் நடுவில் தேவையில்லாத எழுத்து முளைக்கும். நீலம் வேண்டாம். இரண்டு அறை வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள். பகலில் வீடியோ மீட்டிங்கில் மைக் அதை இன்னும் பெரிதாக்கிக் கொடுக்கும். ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றும் வசதி, அதாவது ஹாட்-ஸ்வாப், இருந்தால் இந்த முடிவு ஆயுளுக்கும் கட்டிப்போடாது. ஒரு கீ பழுதானாலும் பற்றவைப்புக் கருவி தேட வேண்டியதில்லை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பது நியாயம்தான்.

இப்போது வயர்லெஸ். உண்மையான சிக்கலே இங்கேதான்.

வயர் இல்லாமல் இரண்டு வழி: ப்ளூடூத், அல்லது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள். இரண்டும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் ஓடுகின்றன, பேசும் முறைதான் வேறு. இப்போது பரவலாக உள்ள குறைந்த சக்தி ப்ளூடூத்தில் இரண்டு சந்திப்புகளுக்கு இடையே நெடுங்காலமாக இருந்துவரும் குறைந்தபட்ச இடைவெளி 7.5 மில்லிசெகண்ட், நடைமுறையில் பெரும்பாலும் அதைவிடக் கூடவே இருக்கும். நல்ல டாங்கிள் நொடிக்கு 1000 முறை, அதாவது 1 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பேசும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு காட்சி மாற 16.7 மில்லிசெகண்ட் ஆகிறது, 144 ஹெர்ட்ஸில் 6.9. ஆக, மெயில் அடிக்க, கட்டுரை எழுத ப்ளூடூத் தாராளம், வித்தியாசமே தெரியாது. வேகமான கேமுக்கு டாங்கிள் வேணும். ப்ளூடூத் மட்டும் உள்ள கீபோர்டைக் 'கேமிங்' என்று விற்றால் நம்பாதீர்கள்.

அதற்காக 8000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1000-லிருந்து 8000-க்குப் போனால் சராசரியாக மிச்சமாவது அரை மில்லிசெகண்டுக்கும் குறைவு. உள்ளே இருக்கும் உலோகத் தொடர்பு அழுத்தியவுடன் சில நேரம் துள்ளும். ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிவாகாமல் இருக்க மென்பொருள் கொஞ்சம் காத்திருக்கும். கீபோர்டு ஆர்வலர்கள் பயன்படுத்தும் க்யூஎம்கே என்ற திறமூல மென்பொருளில் அந்தக் காத்திருப்பே இயல்பாக 5 மில்லிசெகண்ட். கண்ணால் பார்த்து விரலை அசைக்க நமக்கு ஆவது சுமார் 200 மில்லிசெகண்ட். அரையை மிச்சப்படுத்தி என்ன செய்யப்போகிறோம்?

கையில் உணரக்கூடிய தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கீபோர்டு திடீரென்று எழுத்தை விழுங்கும், அல்லது ஒரே எழுத்தை வரிசையாகக் கொட்டும். பலர் உடனே கீபோர்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கு முன் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் கேபிள்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளுக்குப் பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க் இருந்தால், அது வேலை செய்யும் நேரத்தில் கீபோர்டு திணறும். தீர்வு மலிவு: ஒரு சின்ன நீட்டிப்பு கேபிள் வாங்கி டாங்கிளை மேசை மேலே, கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள். முடிந்தால் பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எட்டு நிறுவனங்களின் மலிவு வயர்லெஸ் கீபோர்டுகள் நாம் அடிக்கும் எழுத்துகளை எந்தக் குறியாக்கமும் இல்லாமல் அப்படியே காற்றில் அனுப்புவதைக் கண்டுபிடித்தது. சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து ஒட்டுக்கேட்க முடிந்தது. 75 மீட்டர் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். அவை எல்லாமே சொந்தமாக வகுத்த டாங்கிள் முறைகள். ப்ளூடூத்தில் குறியாக்கம் தரத்திலேயே இருக்கிறது. பெயர் தெரியாத பிராண்டின் டாங்கிள் வழியாக பேங்க் பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன், விவரக்குறிப்பில் ஏஇஎஸ் குறியாக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லைன்னா அதை கேமுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ப்ளூடூத்திலோ வயரிலோ செய்யுங்கள்.

பேட்டரிக்கு ஒரு தோராயக் கணக்கு. 4000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, 80 விளக்கு, ஒவ்வொன்றும் சராசரியாக 5 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 400. பத்து மணி நேரத்தில் காலி. விளக்கை அணைத்துவிட்டு, மற்ற வேலைகளுக்கு 10 மில்லிஆம்பியர் என்று தாராளமாகவே வைத்தாலும் 400 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 50 நாள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் "இத்தனை மணி நேரம்" எல்லாம் விளக்கை அணைத்த கணக்குதான். வானவில் விளக்கு ஓடணும்னா வயரிலேயே இருந்துவிடலாம்.

உச்ச மட்டத்தில் போட்டியாக ஆடுகிறவர்கள் இப்போது காந்த ஸ்விட்ச் பக்கம் போய்விட்டார்கள். எத்தனை மில்லிமீட்டரில் எழுத்து விழ வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் எதிரெதிர்த் திசைக் கீகளில் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியை நம்பி வாங்காதீர்கள். ரேசர் அதை 'ஸ்நாப் டாப்' என்ற பெயரில் 2024 ஜூலையில் கொண்டுவந்தது. ஆகஸ்டிலேயே வால்வ் தன் அதிகாரபூர்வ கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 சர்வர்களில் அந்த மாதிரி வசதிகளுக்குத் தடை போட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், இரண்டு வேலைக்கும் ஒன்றே வேண்டும் என்பவருக்கு 75 சதவீதம், ப்ளூடூத், டாங்கிள், வயர் மூன்றும் உள்ளது, ஹாட்-ஸ்வாப், அமைதியான நேர் ஸ்விட்ச் அல்லது முட்டு ஸ்விட்ச். கீ மூடிகள் பிபிடி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். ஏபிஎஸ் மூடிகள் நம்ம ஊர் வியர்வையில் சீக்கிரமே பளபளவென்று வழுக்க ஆரம்பிக்கும். பின்னால் மூடி மாற்ற நினைப்பவர்கள் வலது ஷிஃப்டைக் கவனிக்கவும். 65, 75 அளவுகளில் அது குட்டையானது, எல்லா செட்டிலும் அந்த அளவு வராது. டாங்கிளைச் செருகி வைக்க கீபோர்டிலேயே ஒரு பொந்து இருந்தால் நல்லது. டாங்கிள் தொலைந்தால் சின்ன பிராண்டுகளில் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

வாங்கினதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். அரை மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு வந்து நேராக பாஸ்வேர்டை அடியுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போது முதல் எழுத்தை விழுங்குகிற கீபோர்டு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போக முடிகிறதா என்றும் பாருங்கள். ப்ளூடூத் பெரும்பாலும் அங்கே வேலை செய்யாது, டாங்கிளோ வயரோ செய்யும். ஆபீஸ் லேப்டாப்பில் தெரியாத யூஎஸ்பி பொருள்களைத் தடுத்து வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, ஐடி ஆட்களிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.