புளுகூரின் தலைக்கணக்கு

1851-ல், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்து ஓடை ஒன்றில் சிலருக்குத் தங்கம் கிடைத்தது. சாமான் வாங்க அவர்களில் ஒருவர் நெவாடா சிட்டிக்குப் போனார். போன இடத்தில் சாராயக் கடையில் வாய் சும்மா இருக்கவில்லை. அவர் பின்னாலேயே கிளம்பி வந்த கூட்டம் ஓடையை அலசிப் பார்த்தது, ஒன்றும் தேறவில்லை. கடுப்பில் அந்த ஓடைக்கு ‘ஹம்பக்’ என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. நம் பேச்சில் சொன்னால், புளுகூர். ஊர் பிறந்ததைப் பற்றி அங்கே சொல்லப்படும் கதை இது. 1857-ல் தபால் நிலையம் வந்தபோது, கடிதத்தில் இந்தப் பெயரை எழுத ஊராருக்கே கூசியிருக்க வேண்டும். ‘நார்த் புளூம்ஃபீல்டு’ என்று கௌரவமாக மாற்றிக்கொண்டார்கள்.

உண்மையில் அந்த ஆள் புளுகவில்லை. தங்கம் இருந்தது. ஓடையில் அல்ல, ஓடைக்கு மேலே, மலைமுதுகுக்குள்.

சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பேராறு ஓடியது. சாதாரணக் கல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். தங்கமோ 19 மடங்கு. அதனால் ஆறு உருட்டி வந்த தங்கத்துகளெல்லாம் சரளையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. பிறகு எரிமலைச் சாம்பல் அந்த ஆற்றை மூடியது. மலை உயர்ந்தது. புது ஆறுகள் வேறு வழியில் பள்ளம் பறித்தன. பழைய ஆற்றின் படுகை மட்டும் மலை உச்சியில் தங்கிவிட்டது. ஊருக்குக் கீழே ஆறு ஓடும் என்றுதானே நினைப்போம்? இங்கே ஓர் ஆறு ஊருக்கு மேலே புதைந்து கிடந்தது.

சிக்கல் என்னவென்றால், ஒரு மாட்டுவண்டிச் சரளையை அலசினால் சில சென்ட் மதிப்புக்குத்தான் தங்கம் தேறும். மண்வெட்டிக் கூலிக்கே கட்டாது. ஆகவே தண்ணீரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1853-ல் நெவாடா சிட்டிக்கு அருகே எட்வர்டு மாட்டசன் என்பவர் ஒரு குழாயின் நுனியில் குறுகிய மூக்கைப் பொருத்தி, நீரை மலைச்சரிவின் மேல் பீய்ச்சினார். மண் பொலபொலவென்று சரிந்தது. ஒரு நாள் முழுக்கப் பலர் வெட்டுகிற மண்ணை ஒரு குழாய் இறக்கிவிட்டது.

இதற்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, உயரம் மட்டும் போதும். மொட்டைமாடித் தொட்டி குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தால், உராய்வைக் கழிக்காத கணக்கில் தண்ணீர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறலாம். தொட்டியை 100 மீட்டருக்கு ஏற்றினால் வேகம் சுமார் 160. விரிந்த கை அகலமுள்ள, அதாவது 15 சென்டிமீட்டர் வாயில் அது பாய்ந்தால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கால் நிமிடத்தில் காலி! அந்த நீர்ப்பீரங்கியை ‘மானிட்டர்’ என்றார்கள். ஒரே ஆள் அதைத் திருப்பியது எப்படி? வாயில் ஒரு சிறு அசையும் துண்டு இருக்கும். அதைக் கொஞ்சம் சாய்த்தால் பீய்ச்சல் அதில் மோதும். அந்த விசையே பீரங்கியைத் தள்ளித் திருப்பிவிடும். முன்பக்கக் கனத்தைச் சமன்செய்ய, பின்னால் கல் நிரப்பிய ஒரு பெட்டி. எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்தக் கல்பெட்டிதான்.

தண்ணீருக்காக உயர்மலையில் அணைகட்டி, கிலோமீட்டருக்குச் சில மீட்டர் மட்டுமே இறங்கும் கால்வாய்களை மலை மடிப்புகளோடு வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார்கள். மண்கலந்த நீர் வெளியேற, பொறியாளர் ஹாமில்டன் ஸ்மித் பாறைக்குள் சுமார் 2.4 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் எப்போது முடிவது? வழியில் எட்டுக் கிணறுகளை இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் இரு பக்கமும் வெட்டினார்கள். 1874-ல் வேலை முடிந்தது. மதகுகளைத் திறக்கவும் மூடவும் சொல்ல ஆள் ஓடினால் தாமதம் என்று, பெல் தொலைபேசிக் காப்புரிமை பெற்ற இரண்டொரு ஆண்டுக்குள், இந்த மலைமுதுகில் 90 கிலோமீட்டருக்கும் மேல் தொலைபேசிக் கம்பி இழுத்துவிட்டார்கள். உலகின் முதல் நெடுந்தொலைவுத் தொலைபேசி இதுவே என்று அங்கே கல்வெட்டு உண்டு.

ஊரின் மக்கள்தொகை இந்த நீரோடு ஏறியது. நீர்ப்பீரங்கிகள் இரவும் பகலும் முழங்கிய காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சீனத் தொழிலாளருக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது. இந்த எண்ணிக்கை எழுதப்படுவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் நிசெனான் பழங்குடியினர். தங்கவேட்டை தொடங்கிய 1848-ல் கலிபோர்னியா முழுதும் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த பழங்குடி மக்கள், 1870-க்குள் சுமார் முப்பதாயிரமாகக் குறைந்தார்கள். நோயும் பட்டினியும் நேரடிக் கொலையும் காரணம். தங்க ஊர்களின் தலைக்கணக்கைப் படிக்கும்போது இந்தக் கழித்தலையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கரைத்த மண் எங்கே போனது? சியராவில் இந்த முறையில் அலசப்பட்டது 150 கோடி கன கஜத்துக்கும் மேல். மணல் லாரிக் கணக்கில் 40 கோடி யூனிட். அதில் ஒரு பெரும் பங்கு யூபா ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கியது. கீழே சமவெளியிலுள்ள மேரிஸ்வில் நகரத் தெருக்களைவிட ஆற்றின் தரை உயர்ந்துவிட்டது. 1875 வெள்ளம் கரையைத் தாண்டி நகரத்துக்குள் புகுந்தது. அங்கே சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் புளுகூர்ச் சுரங்கக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்ஸோ சாயர் தீர்ப்பளித்தார். தங்கம் எடுக்காதே என்று அவர் சொல்லவில்லை. கழிவு மண்ணை ஆற்றில் விடாதே என்றுதான் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்பது சுரங்கக் கம்பெனிக்குத் தெரியும். பீரங்கிகள் அடங்கின, ஊர் மெல்லக் காலியானது.

மண் மட்டும் நிற்கவில்லை. கழிவுமண் முழுதும் எலியை விழுங்கிய பாம்பின் வீக்கம்போல, ஓர் அலையாக ஆற்றில் கீழ்நோக்கி நகர்வதைப் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் அளந்து 1917-ல் எழுதினார். தங்கத்தைப் பிடிக்கச் சேர்த்த பாதரசமும் அதோடு போயிற்று. அந்த ஆறுகளின் மீனை அளவோடு சாப்பிடச் சொல்லும் எச்சரிக்கை இன்றைக்கும் உண்டு.

நார்த் புளூம்ஃபீல்டில் இப்போது ஒரு கையளவு ஆட்கள்தான். ஊர் மாநிலப் பூங்காவாகிவிட்டது. பக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் நீளக் குழி. ஆனால் அந்தப் பீய்ச்சல் எங்கெங்கோ போய்விட்டது. பக்கத்து மலைமுதுகிலுள்ள காம்ப்டன்வில்லில் லெஸ்டர் பெல்டன் என்ற தச்சர், பீய்ச்சலை நடுவில் இரண்டாகப் பிளந்து திருப்பும் கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் ஒன்றைச் செய்தார். மோதிய நீர் தன் வேகத்தையெல்லாம் சக்கரத்திடம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து விழும். நீலகிரி அடிவாரத்துச் சிங்காராவில், 900 மீட்டருக்கும் மேலிருந்து இறங்கும் பைக்காரா நீர் 1932-ல் சுழற்றத் தொடங்கியது அந்தப் பெல்டன் சக்கரத்தைத்தான்.